நாலு பேருக்கு ஒரு கார்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொந்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரோசாலியாவைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தோம். பிரான்காச்சோவில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தங்கச்சி ஒருவர் என்னை மறித்தார்.

"அண்ணை, எங்கட மூத்தவன் ரேஸ் ஓடப் போறானாம். நாலு பெடியள் சேர்ந்து கார் வாங்கப் போகினமாம். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோவன்."

மகன் பின்னால் வந்துகொண்டிருந்தான். "அங்கிள், அது ரேஸ் இல்லை. பெர்குசாவிலை காசு கட்டி ஓடுறது. ஒருத்தரோடையும் போட்டி இல்லை. அம்மாவுக்கு எத்தினை தரம் சொன்னாலும் விளங்குதில்லை" என்றான்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் பெடியள் எங்களிடம் கேட்காமலே வாங்குவார்கள். நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, இரண்டு பின்னேரங்கள் இருந்து கதைத்தோம். அங்கே கதைத்தவை பந்தயத்தடத்துக்குப் போகாத குடும்பங்களுக்கும் உதவும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கார் வாங்குவது எம்மவரிடையே புதிய விடயமல்ல.

இந்தத் தீவில் வளரும் பிள்ளைக்குக் கார் ஓட்டத்தில் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை என்பதை முதலில் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். 1906இல் வின்சென்சோ புளோரியோ தொடக்கிய தார்கா புளோரியோ உலகத்தின் மிகப் பழைய கார்ப் பந்தயங்களில் ஒன்று. எங்களிடமிருந்து கிழக்கே மதோனியே மலைகளில், சாதாரண ஊர்த்தெருக்களை மறித்து, ஒரு சுற்று 72 கிலோமீற்றர் என்று ஓடினார்கள். பலெர்மோவைச் சேர்ந்த பாடசாலை அதிபர் நீனோ வக்கரெல்லா 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் அதில் வென்றவர். இங்குள்ள முதியவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் இப்போதும் முகம் மலரும். 1977இல் ஒரு கார் தடம் மாறிப் பார்வையாளர்கள் உயிரிழந்தபின் அது வேகப்பந்தயமாக நடப்பது நின்று, ரலியாக மாறியது. செர்தாவுக்கு அருகே வீதியோரத்தில் பழைய மேடைகளும் கார்க் கொட்டில்களும் இன்றும் நிற்கின்றன. பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. நாங்கள் கும்பிடப் போகும் மொந்தே பெல்லெக்ரினோவின் கார்ப்பாதையிலும் ஒருகாலம் மலையேற்றப் பந்தயம் நடந்தது. ஊரிலும் இது இல்லாததல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றம், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த, சென்னைக்கு வெளியே சோழவரம் என்று எங்கள் அப்பாமார் பத்திரிகையில் பார்த்த பெயர்கள் உண்டு. கட்டுக்குருந்தவும் சோழவரமும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதைகள்.

ஆனால் தெருவில் ஓடிய காலம் முடிந்துவிட்டது. அந்த அம்மா பயப்பட வேண்டியது பெர்குசாவுக்கல்ல, எங்கள் வீட்டுக்கு வெளியே கிடக்கும் வியாலே ரெஜியோனே சிசிலியானாவுக்கு. இராத்திரி அதில் இரண்டு கார்கள் ஒன்றோடொன்று முந்தி ஓடினால் இத்தாலியச் சட்டத்தில் அது வெறும் தண்டப்பணத்தோடு போகும் குற்றமல்ல. வீதிச்சட்டம் 9 தெர் பிரிவின்படி 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, 5,000 முதல் 20,000 யூரோ வரை தண்டம், அனுமதிப்பத்திரம் நிறுத்தம், காரும் பறிமுதல். எங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. சொஜோர்னோ புதுப்பிக்கும்போதும் குடியுரிமைக்கு எழுதும்போதும் குற்றப்பதிவைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட விளையாட்டுக்காக அப்பா அம்மா பத்து வருடம் குவெஸ்தூரா வாசலில் நின்று சேர்த்ததை ஆபத்தில் போடுவதா? வேகம் வேண்டுமென்றால் மூடிய தடத்தில், தலைக்கவசத்தோடு, அம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஓடட்டும் என்பதே என் கட்சி. தங்கச்சிக்கும் அதைத்தான் சொன்னேன்.

பெர்குசா என்பது எண்ணா நகருக்குக் கீழே ஒரு வாவி. அதைச் சுற்றி 4.95 கிலோமீற்றர் பந்தயத்தடம். 1964இலும் 1965இலும் சுவிஸ்காரர் ஜோ சிப்பேர்ட், அன்றைய பேர்பெற்ற வீரர் ஜிம் கிளார்க்கை அங்கேதான் தோற்கடித்தார். பலெர்மோவிலிருந்து ஏ19 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். இப்படிப் பணம் கட்டி ஓடுவதை இத்தாலியர் 'புரோவே லிபெரே' என்பார்கள், சுயாதீன ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கணிப்பதோ பரிசோ இல்லை. 15, 20 நிமிடத் தவணைகளாக விடுவார்கள். தடம் எப்போதும் திறந்திருப்பதில்லை, ஆகவே நாளைக் கேட்டு உறுதிப்படுத்தாமல் புறப்படக்கூடாது. பொதுவாக ஒவ்வொரு சாரதியும் தனித்தனியாகப் பதிந்து, பொறுப்பு விடுவிப்புப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தடத்தின் இரும்பு வேலியை இடித்தால் அதற்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்ற வரி அதில் இருக்கக்கூடும்.

எந்தக் கார்?

பெடியள் வரும்போதே விடையோடு வந்தார்கள். சித்ரொயென் சக்சோ விடிஎஸ், 1.6 லீற்றர், 120 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. நல்ல கார்தான், இல்லையென்று சொல்லவில்லை. சக்சோவும் அதன் சகோதரமான பியூஜோ 106உம் இந்தத் தீவின் மலையேற்ற ஓட்டங்களில் பெயர் பெற்றவை. அதனாலேயே பிரச்சினையும் வருகிறது. இரண்டும் 2003இல் உற்பத்தி நின்றவை. இன்று சந்தையில் உள்ளவற்றில் பல ஏற்கெனவே அடித்து ஓட்டப்பட்டவை, நல்லவை விலை ஏறியவை.

அதற்கும் முதல் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. நால்வரில் இருவர் இந்த வருடம்தான் பத்தெந்தே எடுத்தவர்கள். 2024 டிசம்பர் 14 முதல் புது அனுமதிப்பத்திரக்காரர் முதல் மூன்று வருடங்களுக்கு தொன்னுக்கு 75 கிலோவாட், மொத்தம் 105 கிலோவாட் என்ற எல்லைக்கு மேற்பட்ட காரை வீதியில் ஓட்டக்கூடாது. சக்சோவின் 120 குதிரைவலு என்பது 88 கிலோவாட். மொத்தக் கணக்கில் தப்பினாலும் எடைக்கணக்கில் தொன்னுக்கு 90ஐத் தாண்டிவிடும். அதாவது நாலு பேர் காசு போட்டு வாங்கும் காரை இரண்டு பேர் பெர்குசா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகக்கூட முடியாது! எந்தக் காரைப் பார்த்தாலும் அதன் இலக்கத்தகட்டைப் போக்குவரத்து அமைச்சின் சாரதிகளுக்கான இணையத்தளத்தில் கொடுத்துப் பாருங்கள். புதியவர் ஓட்டலாமா என்று அதுவே சொல்லும்.

இரண்டாவது யோசனை பியற் செய்ச்சென்தோ ஸ்போர்ட்டிங். 1,108 சிசி, 54 குதிரைவலு, 750 கிலோ அளவு. மலிவு. ரயர் சின்னது, பிறேக் கட்டை சின்னது, எல்லாம் சல்லிக்காசு. எடை குறைந்த காரில் பிறேக்கும் ரயரும் அதிக காலம் உழைக்கும் என்பது தடத்தில் ஓடுபவர்களின் முதல் பாடம். நானும் அதற்கே தலையாட்டியிருப்பேன். ஆனால் 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய மோதல் சோதனையில் அந்தக் கார் வாங்கியது ஒன்றரை நட்சத்திரம் மட்டுமே. அதே ஆண்டு சோதித்த இரண்டாம் தலைமுறை பியற் புந்தோ வாங்கியது நாலு நட்சத்திரம். இரண்டும் ஒரே கொம்பனி, ஒரே காலத்துக் கார்கள். வாவியைச் சுற்றி ஓடும் பெர்குசா வேகமான தடம், இரும்பு வேலி தள்ளி இல்லை. வேகமாக வந்து திடீரென்று குறுக்கு வளைவுகளுக்குப் பிறேக் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் என்ன என்று கேட்டுத்தான் காரைத் தெரிய வேண்டும்.

ஆகவே நான் சொன்னது இதுதான்: 1999இல் வந்த அந்தப் புந்தோ, 1.2 லீற்றர், 60 குதிரைவலு, 44 கிலோவாட், மூன்று கதவு.

பெடியளின் முகம் சுருங்கியது. "அங்கிள், அது பள்ளிக்கூட ரீச்சர் ஓடுற கார்" என்றான் ஒருவன். உண்மைதான். நீனோ வக்கரெல்லாவும் பள்ளிக்கூடத்துக்காரர்தானே என்றேன், சிரித்தார்கள். புந்தோ இங்கே தெர்மினி இமெரேசேயில் இருந்த பியற் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. 1970இல் திறந்த அந்தத் தொழிற்சாலை 2011 நவம்பரில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனால் பலெர்மோவின் எந்தத் தெருமூலை கராஜிலும் இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய மெக்கானிக்கோ ஒருவர் இருப்பார். உடைத்த கார் விற்கும் இடங்களில் கதவும் விளக்கும் அச்சும் கிடக்கும். நாலு பேர் சேர்ந்த கார் எப்போதும் யாரோ ஒருவர் கையில் உடையும். உடைந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மலிவாகத் திருத்தக்கூடியதா என்பதே குதிரைவலுவை விடப் பெரிய கேள்வி. 60 குதிரைவலுவில் வளைவுகளில் வேகத்தைக் காப்பாற்றப் பழகுகிறவன் பிறகு எதையும் ஓட்டுவான். நேர்பாதையில் மட்டும் அமத்துகிறவன் எதிலும் பழகமாட்டான்.

பார்க்கும்போது துருவைப் பாருங்கள், தரைத்தகட்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்பதற்குக் கடதாசி இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கெடுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் ஸ்ராட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் நீங்கள் வருமுன்னே சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கையில் மொத்தம் 3,000 யூரோ சேர்ந்திருக்கிறது என்று உதாரணத்துக்கு வைப்போம். காருக்கு 1,500க்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சம் முதல் வருடத்திலேயே போகும். நாலு ரயர், நல்ல பிறேக் கட்டைகள், புதிய பிறேக் எண்ணெய், எஞ்சின் ஒயில், குளிர்நீர்க் குழாய்கள், காப்புறுதி, பெயர்மாற்றம். பழைய பிறேக் எண்ணெய் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். சூட்டில் கொதித்தால் மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. இதில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. பெற்றோலும் வீதியில் குடிப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். ஒருவருடைய கார் தவணைக்குத் தவணை ஆறும். நாலு பேரின் காரோ ஒருவர் இறங்க மற்றவர் ஏற ஆறாமலே ஓடும். ஆகவே ஒவ்வொரு தவணையின் கடைசிச் சுற்றையும் பிறேக் தொடாமல் மெதுவாக ஓடி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கைப்பிறேக் இழுக்காமல் கியரில் விடுங்கள். சில்லு நட்டுகளை ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள்.

பின் ஆசனங்களைக் கழற்றுவது, இரும்புக் கூடு பூட்டுவது, சைலன்சரை மாற்றுவது பற்றியும் கேட்டார்கள். வீதியில் ஓடும் காரின் அமைப்பை மாற்றினால் மொத்தோரிசாசியோனேயில் பரிசோதித்துப் பத்திரத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ரெவிசியோனே என்ற இரண்டு வருடப் பரிசோதனையிலோ வீதிச் சோதனையிலோ பிடிபடும். இழுவண்டியில் ஏற்றிப்போக எங்களிடம் இன்னொரு காரும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை. எனவே கார் கொம்பனி செய்தபடியே இருக்கட்டும்.

யார் பெயரில்?

இரண்டாம் பின்னேரம் முழுவதும் இதிலேயே போனது. பெடியள் இதை ஒரு விடயமாகவே நினைக்கவில்லை. "இவன்ரை பெயரிலை போடுவம் அங்கிள், நாங்கள் சினேகிதங்கள்தானே."

நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தேன். வந்து மூன்றாம் வருடம், மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பழைய வான் வாங்கினோம். எங்களில் பத்திரம் சரியாக உள்ள ஒருவரின் பெயரில் பதிந்தோம். ஒன்றரை வருடத்தில் அவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அங்கே அண்ணன் இருந்தார், வேலையும் இருந்தது. வான் எங்களிடம் நின்றது. விற்க வேண்டுமென்றால் உரிமையாளரின் கையெழுத்து வேண்டும், அதுவும் அதிகாரி முன் உறுதிப்படுத்தியது. தொலைபேசியில் சொல்லிச் சரிவராது. பொல்லோ எனும் வருட வரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பதிவேட்டில் உள்ளவரின் பெயரில் ஏறிக்கொண்டே போகும். அந்த வரிக் கடிதங்கள் அவர் விட்டுப்போன விலாசத்துக்கு வந்துகொண்டிருந்தன. கடைசியில் வானும் போய், மூன்று குடும்பமும் இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தோம். எங்களில் எத்தனை பேர் பலெர்மோவில் நிலைத்திருப்போம்? இன்றைக்கு இங்கே இருப்பவர் நாளைக்கு லண்டனிலோ ஜேர்மனியிலோ. ஆகவே பிரிந்து போகும் நாளுக்கான ஏற்பாட்டை வாங்கும் நாளிலேயே செய்ய வேண்டும்.

பதிவேட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோரின் பெயரை உரிமையாளராகப் போடலாம், அது நியாயமான வழி. ஆனால் அதன் பாரத்தையும் அறிந்து போட வேண்டும். இத்தாலியச் சிவில் சட்டம் 2054ஆம் பிரிவின்படி ஓட்டியவர் செய்த சேதத்துக்கு உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. தன் விருப்பத்துக்கு மாறாக எடுத்துச் சென்றார் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். நாலு பேர் பெயர் இருந்தால் நாலு பேருக்கும் அந்தப் பொறுப்பு. வரியும் அப்படியே. நால்வரும் பெயரைப் போட்டால் விற்கும்போது நாலு கையெழுத்தும் வேண்டும். யாராவது நாட்டை விட்டுப் போவதாக இருந்தால் போகுமுன் நொத்தாரிசிடம் 'பிரொக்கூரா' எனும் அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். என் எண்ணத்தில் இரண்டு பெயர் போதும், இங்கே குடும்பத்தோடு வேர் விட்டுள்ள இருவர். மற்ற இருவரின் பங்கு ஒரு கடதாசியில் எழுதப்படட்டும்.

பெயர் இல்லாத ஒருவர் காரைத் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் தனக்கென்றே வைத்திருந்தால் அதையும் மொத்தோரிசாசியோனேயில் பதிய வேண்டும். ஒரே வீட்டில் பதிந்த குடும்பத்தவருக்கு இது இல்லை. ஆகவே கார் உரிமையாளர் ஒருவரின் வாசலிலேயே நிற்கட்டும்.

காப்புறுதி வாங்கும்போது மலிவு என்று 'கூய்தா எஸ்க்ளுசீவா' எழுதிவிடாதீர்கள், ஒரேயொரு சாரதிக்கான ஒப்பந்தம் அது. வயது எல்லை வைத்த ஒப்பந்தமும் உண்டு. மற்றவர் ஓட்டி மோதினால் கொம்பனி அடிபட்டவருக்குக் கட்டிவிட்டு உங்களிடம் வந்து திருப்பிக் கேட்கும். சாதாரண ஒப்பந்தங்கள் பந்தயத்தையும் அதற்கான பயிற்சியையும் விலக்கியே எழுதப்படும், தடத்தில் உங்கள் கார் நொறுங்கினால் ஒருவரும் ஒரு சதமும் தரமாட்டார்கள். நொறுங்கினாலும் வீட்டு வாடகை கட்ட முடியும் என்ற அளவு காசை மட்டும் போடுங்கள் என்று நான் சொன்னபோதுதான் தங்கச்சியின் முகத்தில் சற்று நிம்மதி வந்தது. இவ்வளவு நேரமும் அவர் மனதில் இருந்தது மகனின் உயிர் மட்டுமல்ல, சின்னவளின் படிப்புக்கு என்று கட்டும் சீட்டும்தான்.

காசு கொடுக்குமுன் இலக்கத்தகட்டைக் கொண்டு பிஆர்ஏ எனும் வாகனப் பதிவேட்டின் பிரதி ஒன்றை எடுங்கள். விற்பவர்தான் உரிமையாளரா என்றும், 'பெர்மோ அம்மினிஸ்திராத்தீவோ' விழுந்திருக்கிறதா என்றும் அதில் தெரியும். பழைய உரிமையாளர் கட்டாத வரிக்கும் தண்டத்துக்கும் போடும் தடை அது. தடை விழுந்த காரை வீதியில் ஓட்ட முடியாது, பெயர் மாறினாலும் தடை காரோடு வரும். சந்தை விலையை விட 400, 500 யூரோ குறைத்துச் சொல்லும் காரில் இதை முதலில் பாருங்கள். பெயர்மாற்றத்தை "அடுத்த கிழமை செய்வம்" என்பவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசியில் பெடியள் ஒரு கொப்பித் தாளில் எழுதினார்கள். மாதம் ஒவ்வொருவரும் 40 யூரோ, ஒருவர் கணக்குப் பிள்ளை. தடத்தில் தேய்வது எல்லாருக்கும் பொது, இடிப்பது இடித்தவருக்கு. விலக விரும்புபவர் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அவர் பங்கை அன்றைய மதிப்பில் மற்றவர்கள் வாங்குவார்கள், அன்றைய மதிப்பைச் சொல்வது வெளியே ஒரு மெக்கானிக்கோ. பலெர்மோவுக்குள் இராத்திரி பத்துக்குப் பிறகு ஒருவரும் எடுக்கக்கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது நான் அல்ல, தங்கச்சி. பெடியள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள். பிரதி ஒன்று அவர் வீட்டுச் சாமித்தட்டில் இருக்கிறது.

முதல் ஓட்டம் பெர்குசாவில் வேண்டாம், ரக்கால்முத்தோவில் உள்ள சிறிய தடத்தில் பழகட்டும் என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. பாகேரியாப் பக்கம் ஒரு நீலப் புந்தோ பார்த்து வைத்திருக்கிறார்கள், 1,300 சொல்கிறாராம். செவ்வாய்க்கிழமை பதிவேட்டுப் பிரதி எடுக்கப் போகிறார்கள். அதுவரைக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.